விடைத்தாளின் உச்சியில் ஒரு சுழி

போன மாதம் ஒரு காலையில், நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எனக்குப் பிறகு வந்தவருக்கும் பிறகு வந்தவள். இப்போதெல்லாம் அங்கே யாரும் விடைத்தாளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு அலைவதில்லையாம். இயந்திரம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடிக்கிறதாம், ஆசிரியர்கள் திரையில் பார்த்தே மதிப்பெண் போடுகிறார்களாம். தாளில் வேண்டாத குறி ஏதாவது இருந்தால் அந்த இயந்திரம் சிவப்பில் காட்டிக் கொடுத்துவிடுமாம். இந்த முறை ஏகப்பட்ட தாள்கள் சிவந்துவிட்டன என்று இந்தியில் படபடவென்று சொன்னாள். "ஓம் இருக்கு மேடம், சிலுவை இருக்கு. இன்னொண்ணு, ரெண்டு மாதிரி வளைஞ்சு ஒரு கோடு. அதைப் பத்தி உங்க காலத்துல ஒரு கேஸ் நடந்ததாமே?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மகளே, அதுக்குப் பேரு பிள்ளையார் சுழி. அந்தக் கேஸுல என் வேலையே போகப் பார்த்துது" என்றேன். எழுதிக் கொடுங்கள் என்று ஒரே பிடியாய் நின்றாள். எழுதுகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன்; யாரையாவது வைத்து இந்தியில் மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி தில்லிக்கு வந்தபோது இந்தியில் எனக்குத் தெரிந்தது வேண்டாம் என்று சொல்ல 'நஹீ' ஒன்றுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே சரோஜினி நகரில் ஆறு மாதம் காய்கறி வாங்கினேன். வீட்டுக்காரருக்கு மத்திய அரசில் குமாஸ்தா உத்தியோகம், அரசாங்கக் குடியிருப்பு. சமையலை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. அஞ்சல் வழியில் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்தேன், டைப் கற்றேன், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் சேர்ந்தேன். இருபத்தாறு வருஷம் அங்கேதான். அதன் பெயர் வேண்டாம். பெரிய பெயர், அவ்வளவுதான்.

அங்கே பொருளாதாரம் படிப்பது என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. காலையில் வாசலில் வந்து நிற்கும் கார்களைப் பார்த்தால் ஏதோ மந்திரி வீட்டுக் கல்யாணம் என்று நினைப்பீர்கள். வகுப்பறைக்கெல்லாம் ஏ.சி. அங்கே பட்டம் வாங்கியவர்கள் நேராக வெளிநாடு போவார்கள், இல்லாவிட்டால் பெரிய வங்கிக்குப் போவார்கள். என் பொருளாதாரமோ தபால்காரர் கொண்டுவந்து போட்டது. எனக்குப் பொறாமை இருந்தது, அதை மறைப்பானேன். வினாத்தாளை டைப் செய்யும்போது கேள்விகள் மனசில் ஒட்டிக்கொள்ளும். தேர்வு முடிந்த அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே விடை சொல்லிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் வராது.

எங்கள் தலைமை பாட்டியா சாப், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். ஒல்லி உடம்பு, சாம்பல் நிற சஃபாரி சூட். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதை கூடும், அதுதான் அவர் வழக்கம். "செண்பகம், இதைப் பாருங்க" என்றால் நல்ல மூடில் இருக்கிறார். "செண்பகம் ஜி, நீங்க ரொம்ப உழைக்கிறீங்க, கொஞ்சம் இங்கே வர முடியுமா ஜி" என்றாரானால் அன்றைக்கு நான் செத்தேன். விடைத்தாள் இருக்கும் அறைக்குள் டீ வரக் கூடாது. ஒரு தடவை புது ஆள் ஒருவர் டீக் கோப்பையோடு உள்ளே வந்துவிட்டார். பாட்டியா சாப் எழுந்து, அவருக்கு வணக்கம் சொல்லி, கோப்பையைத் தன் கையாலேயே வாங்கி வெளியே வைத்துவிட்டு வந்தார். அந்த ஆள் ஒரு வாரம் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் கேஸ் புரியும். விடைத்தாளின் முதல் பக்கத்தில் மேலே ஒரு சீட்டு இருக்கும், ஓரத்தில் துளை போட்டிருக்கும். மாணவர் தன் பெயரையும் எண்ணையும் அதில் மட்டும்தான் எழுத வேண்டும். தேர்வு முடிந்ததும் அந்தச் சீட்டிலும் தாளிலும் ஒரே ரகசிய எண்ணைப் போட்டு, சீட்டைக் கிழித்து எடுத்துவிடுவோம். கிழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இரும்பு அடிக்கோலை வைத்து, இடது கையால் அமுக்கி, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். ஒருவர் கிழிப்பார், இன்னொருவர் எண் போடுவார். சீட்டுகள் உறையில் போய் அரக்கு முத்திரையோடு பெட்டிக்குள் பூட்டப்படும். பெயரில்லாத தாள்கள் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டப்பட்டு ஆசிரியர்களிடம் போகும். தான் திருத்துவது யாருடைய தாள் என்று ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் விடைத்தாளில் பெயரோ, அடையாளமோ, 'என்னைப் பாஸ் போடுங்கள்' என்ற வேண்டுதலோ இருந்தால் அது முறைகேடு. அந்தத் தாள் ரத்து.

எந்தக் கட்டு எந்த ஆசிரியருக்குப் போகிறது என்ற பதிவேடு என் கையில் இருந்தது. ரகசிய எண் போடும் வேலையையும் நான்தான் செய்து வந்தேன். ஆனால் என் கொழுந்தன் மகன் செல்வம் அங்கே பொருளாதாரம் படிக்க வந்து, எங்கள் வீட்டிலேயே தங்கினான். விதியில் சொன்ன நெருங்கிய உறவினர் பட்டியலில் கொழுந்தன் மகன் வரமாட்டான். இருந்தாலும் நானே போய் பாட்டியா சாப்பிடம் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பொருளாதாரத் தாள்களுக்கு எண் போடும் வேலையை அன்றைக்கே எங்கள் பிரிவிலேயே இருந்த, கட்வால் மலைப் பக்கத்து ராவத்துக்கு மாற்றிவிட்டார். அதோடு சரி, பாராட்டெல்லாம் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். மூன்றாம் ஆண்டுப் பொருளாதாரக் கடைசித் தேர்வு முடிந்திருந்தது. அந்தத் தாளைத் திருத்தியவர்கள் இரண்டு பேர். பாதியை தண்டபாணி சார், நம்ம தமிழ்நாட்டுக்காரர். மீதியை துறைத் தலைவர் சக்சேனா. எண்பத்தைந்துக்கு மேல் யார் வாங்கினாலும் அந்தத் தாளை சக்சேனா ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். தண்டபாணி சார் ஒரு தாளுக்குத் தொண்ணூற்றொன்று போட்டிருந்தார். விடைகளைப் படிக்கக்கூட இல்லாமல், அதைக் கையில் தூக்கிக்கொண்டு சக்சேனா எங்கள் அறைக்கு நேராக வந்துவிட்டார்.

"பாட்டியா ஜி, இங்கே பாருங்க. ஒவ்வொரு பக்கத்து உச்சியிலும் நடுவுல ஒரு குறி. இது கேள்வி எண் இல்லை, பக்க எண்ணும் இல்லை. தாளைத் திருத்தினவர் மெட்ராஸ்காரர். அவருக்குத் தெரியற மாதிரி யாரோ அடையாளம் வச்சிருக்காங்க."

நான் எட்டிப் பார்த்தேன். அழகான சின்ன உ. கீழே இரண்டு கோடு. அடக் கடவுளே என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சக்சேனா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் கண் என் மேசையில் விரித்து வைத்திருந்த பதிவேட்டுக்குப் போயிற்று. அதன் ஒவ்வொரு பக்கத்து உச்சியிலும் நான் போட்ட பிள்ளையார் சுழி இருந்தது.

"இதோ, அதே குறி!" என்றார்.

பாட்டியா சாப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "செண்பகவல்லி ஜி" என்றார். முழுப் பெயர், அதோடு ஜி வேறு.  அது சாமி குறி, எதை எழுதினாலும் முதலில் போடுவோம், கடைக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் போடுவோம் என்றெல்லாம் சொன்னேன். ஓம் என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லையே என்றும் கேட்டேன்.

"ஓம் எல்லாரும் போடுறாங்க ஜி. அதனால அதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்க. விதி அப்படித்தான் இருக்கு."

விதி விதிதான் என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதனால் கோபம் இன்னும் கூடிற்று.

அன்று மதியமே முறைப்படி உறையைத் திறந்து சீட்டை எடுத்தார்கள். மீனாட்சி. இதுவரை எல்லாத் தேர்விலும் முதல் இடம். லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா ஏதோ ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. மதிப்பெண்ணுக்காகப் பல்கலைக்கழகம் அவளுக்குக் கட்டணத்தை முழுக்க விலக்கியிருந்தது. முறைகேடு என்று தீர்ப்பானால் தாள் ரத்து, ஒரு வருஷம் போச்சு, கட்டணச் சலுகையும் போச்சு. எம்.ஏ. கனவு என்று ஒன்று இருந்தால் அதையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கார்களுக்கு நடுவே பஸ்ஸில் வந்து முதலிடம் வாங்கியவளுக்கு, வீட்டில் பழகிக்கொண்ட ஒரு பழக்கத்தால் இப்படி ஒரு கதி.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் காலனியிலிருந்து நடக்கிற தூரம்தான், கோயிலில் பார்த்த முகம். மதுரைக்காரர். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, நாந்தேன் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். எதை எழுதினாலும் மொதல்ல சுழி போடுன்னு. ஒண்ணாப்புல இருந்து போடுறா. புள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. இது ஒண்ணுதேன் தெரியும்."

"உள்ள வாங்க. காப்பி குடிங்க. ஆனா கேஸப் பத்தி ஒரு வார்த்தை பேசப்பிடாது. நான் கேட்கவும்பிடாது" என்றேன்.

அப்படியே செய்தோம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் காப்பி குடித்தோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல காப்பிப் பொடி எந்தக் கடையில் கிடைக்கிறது என்று மட்டும் நான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் சமையல்கட்டில் நின்று அழுதேன். செல்வம் எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா, வெங்காயமா?" என்றான். போய்ப் படிடா என்று விரட்டினேன். "பரீட்சைதான் முடிஞ்சிட்டே. சூப்பரா எழுதிருக்கேன்" என்றான்.

மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. பாட்டியா சாப் நடுவில். அவருக்குப் பக்கத்தில் சட்டத்துறைப் பேராசிரியை ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர். புகார்காரர் என்ற முறையில் சக்சேனா. பதிவேட்டுக்காரி என்ற முறையில் நான், சுவரோரம் நாற்காலியில். என் மேலும் சந்தேகம் இருந்ததால் எந்தக் காகிதத்தையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

மீனாட்சி உள்ளே வந்தாள். வெளிர் நீலச் சுடிதார், காலில் சாதாரணச் செருப்பு. 

"இது தமிழ் எழுத்தா?" என்று பேராசிரியை கேட்டார்.

"தெரியாது மேம்."

"நீ தமிழ்ப் பெண்தானே?"

"ஆமா மேம். தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. இது கடவுளுக்குப் போடற குறின்னு அம்மா சொன்னாங்க. எழுத்தா இல்லையான்னு நான் கேட்டதில்லை."

சக்சேனா சிரித்தார். "தமிழ் தெரியாத தமிழ்ப் பெண், தமிழ் வாத்தியாருக்கு மட்டும் புரியற தமிழ்க் குறி. ரொம்ப நல்லா இருக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். போச்சு, இவள் பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிமிர்ந்தாள், சக்சேனாவை நேராகப் பார்த்தாள்.

"சார், போன செமஸ்டர்ல நீங்கதான் எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்தீங்க. ஒரு அடையாளம் வேலை செய்யணும்னா, அது ஒரு ஆளை மத்தவங்ககிட்டேருந்து பிரிச்சுக் காட்டணும்னு சொன்னீங்க. யார் வேணும்னாலும் செலவில்லாமப் போடக்கூடிய அடையாளம் யாரையும் பிரிச்சுக் காட்டாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. என் குறி என்னை மட்டும் காட்டுதான்னு மத்தவங்க பேப்பரைப் பாருங்க சார். நான் மட்டும்னா, எந்தத் தண்டனை வேணும்னாலும் கொடுங்க."

 பொருளாதாரம் என்றால் இதுதானா என்று நான் வாயைப் பிளந்தேன். தபாலில் வந்த என் புத்தகத்தில் இப்படி ஒரு இடம் இருந்ததாக ஞாபகமே இல்லை. பாட்டியா சாப் பென்சிலை மேசையில் வைத்தார். "அச்சா" என்றார். ராவத்தைக் கூப்பிட்டு, அந்தத் தேர்வின் எல்லாக் கட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார்.

நூற்று நாற்பது தாள்கள். நான் தொடக் கூடாது, ராவத்துக்கோ சுழி தெரியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். "மேடம், யே தோ சாம்ப் ஹை" என்றார். பாம்பாமே! பாம்போ பூனையோ, உச்சியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சீக்கிரம் என்றேன். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். ராவத் தாளைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் கட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.  இத்தனை வருஷம் நான் போட்ட சுழியெல்லாம் எங்கே போயிற்று பிள்ளையாரே என்று கேட்டேன், நிஜமாகவே கேட்டேன்.

"மில் கயா!" என்று ராவத் கத்தினார். கிடைத்துவிட்டது. அடுத்த கட்டில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. முடிவில் மீனாட்சியின் தாளையும் சேர்த்து ஒன்பது. நாலு தாள்கள் சக்சேனாவே திருத்தியவை. அதில் ஒன்றில் அவருடைய சிவப்புப் பேனாவின் டிக், சுழியின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

பாட்டியா சாப் அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். "சக்சேனா ஜி, உங்க டிக் ரொம்ப அழகா இருக்கு ஜி" என்றார். எத்தனை ஜி என்று எண்ணிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில்லை.

ஆனால் சட்டப் பேராசிரியை விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, தன் வேலையைச் செய்தார். "தண்டபாணி திருத்தியதில் இந்தக் குறியோடு ஐந்து தாள்கள். ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்று, மற்றவை ஐம்பத்தெட்டு, நாற்பத்து நாலு, முப்பத்தேழு, பதினொன்று. வேண்டியவருக்கு மட்டும் போட்டிருக்கலாமே? கட்டுகள் யாருக்குப் போகின்றன என்ற பதிவேட்டை வைத்திருப்பவரும் இதே குறியைப் போடுகிறவர். கேட்காமல் இருக்க முடியாது. மிசஸ் செண்பகவல்லி, இதில் உங்களுக்குப் பங்கு உண்டா?"

என்னைத் திரும்பச் சொன்னார்கள். மேசையில் ஐந்து தாள்களும் விரித்திருந்தன. பதினொன்று வாங்கிய தாளைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்து! ஒவ்வொரு g-யும் தூண்டில் முள் மாதிரி வளைந்து அடுத்த வரியைப் பிடித்து இழுக்கும். எங்கள் வீட்டு காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற கை அது. சுழியும் நான் சொல்லிக் கொடுத்ததுதான், பரீட்சைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஞாபகப்படுத்தியதும் நான்தான்.

 கொழுந்தனாருக்கு மகன் என்றால் உயிர். கோவில்பட்டியில் கடையை வைத்துக்கொண்டு, என் மகன் தில்லியில் படிக்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். முடிவு வருவதற்கு முன்னால் நாலு பேர் நடுவில் அவன் மானத்தை நானே வாங்குவதா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது யாருடைய தாள் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மீனாட்சியைப் பார்த்தேன். அவளுக்கும் அதே வயசுதான்.

"அந்தப் பதினோரு மார்க் பேப்பரோட சீட்டை எடுத்துப் பாருங்க சாப். அது என் கொழுந்தன் மகன். என் வீட்ல தங்கி, என் கையால சாப்பிடுதவன். நான் குறி சொல்லி மார்க் வாங்கிக் குடுக்கற ஆளா இருந்தா, மொதல்ல அவனுக்குல்லா வாங்கிருப்பேன்?" என்றேன். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடித்தேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பாட்டியா சாப் அரக்கு முத்திரையை உடைத்தார். ராவத் எண்ணைத் தேடி, சீட்டை எடுத்து, பெயரைப் படித்தார். செல்வகுமார். நான் எழுதிக் கொடுத்திருந்த அந்தப் பழைய கடிதத்தையும் பாட்டியா சாப் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பேராசிரியை இரண்டையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார்.

வீட்டுக்குப் போனதும் செல்வத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேஸ் விஷயம் பேசக் கூடாது, ஆனால் அவனுடைய மதிப்பெண் அந்த அறையிலேயே அம்பலமாகிவிட்டது, சொல்லலாம் என்று பாட்டியா சாப்பிடம் அனுமதி வாங்கியிருந்தேன். "எலே, சூப்பரா எழுதினேன்னு சொன்னியே. பதினொண்ணு" என்றேன்.

"பதினொண்ணா?" என்று எழுந்தே விட்டான். "நான் அஞ்சுதான் எதிர்பார்த்தேன் பெரியம்மா!"

அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது. அவன் அப்பாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். மறு வருஷம் எழுதிப் பாஸ் பண்ணினான், என்னோடு மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் பண்ணினான். எனக்கும் அதில் பாதிப் பாடம் புரிந்தது.

ஆனால் அன்றைக்குக் கேஸ் முடியவில்லை. விசாரணை அறையிலிருந்து கிளம்பும்போது சக்சேனா ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "குறி வெறும் பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தாளில் தொண்ணூற்றொன்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பணிக்காலத்தில் எண்பதைத் தாண்டி நான் போட்டதே இல்லை. தண்டபாணி அள்ளிப் போட்டிருக்கிறார்." அதுவும் விதிப்படி சரியான ஆட்சேபம். தொண்ணூற்றொன்று ஐம்பதாகக் குறைந்தால் அவளுடைய சலுகை போய்விடும். குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு, கழுத்தை மட்டும் அறுக்கிற மாதிரி.

 அடுத்த நாள் பாட்டியா சாப் ராவத்தைக் கூப்பிட்டு, அந்தத் தாளோடு இன்னும் ஐந்து தாள்களைச் சேர்க்கச் சொன்னார். மறுமதிப்பீட்டுத் தாள்களில் எப்போதும் செய்வதுபோல, ஒவ்வொரு தாளிலும் எல்லாப் பக்கத்து உச்சியிலும் வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி ஒட்டச் சொன்னார். பசை காயும்வரை பக்கத்திலேயே நின்றார். பழைய மதிப்பெண்களை மறைத்து, புது ரகசிய எண்களைப் போட்டு, மறுமதிப்பீட்டுக் கட்டு என்று எழுதி, மற்ற கட்டுகளோடு சேர்த்து அதை அனுப்பினார். பதிவேடு அவரிடமே இருந்ததால் யாருக்கு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மறுபடியும் அதே அறை. மீனாட்சியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மாவும் பக்கத்தில் இருந்தார், முந்தானையை முறுக்கிக்கொண்டு. நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன்.

பாட்டியா சாப் ஒரு கட்டை அவிழ்த்தார். "சக்சேனா ஜி, மறுமதிப்பீட்டுக்கு உங்களுக்கு ஆறு தாள் வந்ததே, அதைத் திருத்திக் கொடுத்துட்டீங்க. நன்றி ஜி."

"ஆமா, கொடுத்துட்டேன். அதுக்கும் இந்தக் கேஸுக்கும் என்ன?"

"மூணாவது தாளுக்கு எவ்வளவு போட்டீங்க?"

சக்சேனாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அதுவா! அது அபாரம். தொண்ணூற்று நாலு போட்டேன். கடைசிக் கேள்விக்கு எழுதியிருக்கிற மாதிரி நான் வகுப்புல சொல்லிக்கூடக் கொடுத்ததில்லை. மேலேயே ஒரு குறிப்பும் வச்சிருக்கேனே, பார்க்கலையா?"

பாட்டியா சாப் குறிப்பை எடுத்துச் சத்தமாகப் படித்தார். இந்த மாணவர் யாராக இருந்தாலும் என்னிடம் அனுப்பி வைக்கவும், எம்.ஏ.வுக்கு என் கீழ் படிக்க வேண்டும் என்று நானே கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே சக்சேனாவின் கையெழுத்து. படித்து முடித்துவிட்டு, ஒரு அடிக்கோலால் முதல் பக்கத்து வெள்ளைப் பட்டையை மெதுவாக நெம்பினார். பட்டை பாதி கிழிந்து வந்தது. சுழி தெரிந்தது.

சக்சேனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷன் அவர், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவளைக் கூப்பிடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க உத்தரவு கிடைத்தது. வெளியே போனேன். அம்மாவும் மகளும் சேர்ந்தாற்போல் எழுந்து நின்றார்கள்.

"மீனாட்சி, உள்ள வா. சக்சேனா சார் உன்னப் பார்க்கணுமாம்."

"எதுக்கு ஆன்ட்டி? இன்னும் என்ன கேட்பாங்க?"

"அவரு கேட்கதுக்கு ஒண்ணும் இல்ல தாயி. எம்.ஏ.க்கு அவர்கிட்ட வருவியான்னு உன்னக் கெஞ்சப் போறாரு. உடனே சரின்னு சொல்லிராத, கொஞ்சம் யோசிக்கேன்னு சொல்லு."